அந்தச் சுருள் யாருடைய கூரைக்கு?

பிரித்தானியாவில் சொந்த வீடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

ஒக்டோபர் பிறந்து ஹீற்றிங் போடும் நாள் நெருங்கியதும் உங்கள் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. லொஃப்ட்டில் கிடக்கும் இன்சுலேஷன் போதுமா, இன்னும் ஓர் அடுக்குப் போட்டால் காஸ் பில் குறையுமா? இதற்கு உங்கள் காதில் விழும் பதில்கள் இரண்டு. விற்க வருகிறவர், "வீட்டுச் சூட்டில் கால்வாசி கூரை வழியேதான் போகிறது, உடனே போடுங்கள்" என்கிறார். போன வருடம் போட்ட உறவினர், "ஒன்றும் குறையவில்லை, வீண் செலவு" என்கிறார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அவை வெவ்வேறு வீடுகளைப் பற்றிய உண்மைகள். அந்தக் கால்வாசிக் கணக்கு, கூரையில் எதுவுமே இல்லாத வீட்டுக்கு உரியது. உறவினர் வீட்டில் ஏற்கெனவே ஓரளவு இன்சுலேஷன் பஞ்சு இருந்திருக்கும். எவ்வளவு சேர்ப்பது என்று கேட்பதற்கு முன்னால் இப்போது மேலே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதைக் கேட்காததால்தான் நம்மவர்களின் பணம் ஏற்கெனவே சூடாக இருக்கும் வீட்டுக்குள் போகிறது. குளிர்ந்து கிடக்கும் வீடு அப்படியே கிடக்கிறது. அதைச் சொல்லவே இந்த மடல்.

கணக்கை வெளிப்படையாகப் போட்டுக் காட்டுகிறேன், நீங்களே சரிபார்க்கலாம். ஒரு கூரை வழியே வெப்பம் எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்பதை யூ மதிப்பு என்ற எண்ணால் அளக்கிறார்கள். எண் சிறுத்தால் இழப்பும் குறைவு. ஈ.பி.சி. எனப்படும் வீட்டு ஆற்றல் திறன் சான்றிதழுக்காக வீடு பார்க்க வருபவர்கள் பயன்படுத்திவந்த அட்டவணையில், எதுவும் போடாத லொஃப்ட்டுக்கு அந்த எண் 2.3. 50 மி.மீ. பஞ்சு இருந்தால் 0.68. 100 மி.மீ. இருந்தால் 0.40. இன்று எல்லோரும் சொல்லும் 270 மி.மீ. அளவுக்கு 0.16. அதையும் தாண்டி 400 மி.மீ. வரை நிரப்பினால் 0.11. இந்த இறக்கத்தைப் பாருங்கள். முதல் 100 மி.மீ. எண்ணை 1.9 இறக்குகிறது. அடுத்த 170 மி.மீ. இறக்குவது 0.24 மட்டுமே. அதற்கும் மேல் போடும் 130 மி.மீ. இறக்குவது 0.05. பஞ்சு அதே பஞ்சுதான், கடையில் விலையும் அதேதான். அது செய்யும் வேலைதான் அடுக்குக்கு அடுக்குச் சுருங்குகிறது.

இதைப் பவுணாக மாற்றுவோம். மேல் மாடிச் சீலிங் 45 சதுர மீற்றர் உள்ள ஒரு சாதாரண லண்டன் வீடு என்று வையுங்கள். லண்டன் குளிருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 வெப்பப் பாகை நாட்கள் (குளிரின் கடுமையையும் நீளத்தையும் சேர்த்துக் காட்டும் எண்) என்றும், பொயிலர் எரிக்கும் காஸில் 85 சதவீதம் வீட்டுக்குச் சூடாகக் கிடைக்கிறது என்றும், காஸ் ஒரு கிலோவாற் மணிக்கு 6 பென்ஸ் என்றும் கொள்வோம். வெறும் லொஃப்ட்டில் முதல் 100 மி.மீ. போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 290 பவுண் மிஞ்ச வேண்டும். 100 இலிருந்து 270 ஆக்கினால் மிஞ்சுவது 37 பவுண். 270 இலிருந்து 400 ஆக்கினால் 8 பவுண்கூட இல்லை. நடுவில் உள்ள அந்த 170 மி.மீ. சுருளை வாங்கி நீங்களே விரிக்க 300 பவுண் செலவாகும் என்று வைத்தால், அது திரும்பிவர எட்டு வருடம். ஆள் வைத்துச் செய்தால் இன்னும் நீளும். கண்ணாடி இழைப் பஞ்சை நனையாமலும் நசுக்காமலும் வைத்திருந்தால் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஆகவே எட்டு வருடம் மோசமான பேரம் இல்லை. ஆனால் பில் பாதியாகும் என்று யாராவது சொன்னால் அவர் உங்கள் லொஃப்ட்டைப் பார்க்காமலே பேசுகிறார்.

இதெல்லாம் காகிதக் கணக்கு, மீற்றர் இப்படிச் சொல்வதில்லை என்று நீங்கள் மறுக்கலாம். சரியான மறுப்பு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 55,000 க்கு மேற்பட்ட வீடுகளின் காஸ் பயன்பாட்டை ஆராய்ந்து 2023 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லொஃப்ட் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் முதல் வருடம் காஸ் சராசரியாக 4 சதவீதமே குறைந்தது. அடுத்த வருடம் அது 1.8 சதவீதமாகச் சுருங்கியது. அதற்குப் பிறகு கணக்கில் எடுக்கும்படியான குறைவு எதுவும் தென்படவில்லை. இதைக் காட்டி இன்சுலேஷனே ஏமாற்று என்று முடிவுகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த முடிவு தவறாகப் படுகிறது. ஒரு சராசரிக்குள் எல்லா விதமான லொஃப்ட்டுகளும் சேர்ந்து நிற்கும். நூறோ நூற்றைம்பதோ மி.மீ. பஞ்சுக்கு மேல் இன்னோர் அடுக்குப் போட்டவர்களின் சிறு இலாபம், வெறும் கூரைக்காரரின் பெரிய இலாபத்தை மறைத்துவிடும். இரண்டாவது காரணத்தை அந்த ஆய்வே சொல்கிறது. பின்புறம் கண்ணாடி அறை கட்டுகிறோம், வீட்டை நீட்டுகிறோம், சூடு நின்று பிடிக்கிறது என்பதால் தேர்மோஸ்டற்றைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறோம். கூரையில் சேமித்த காஸ் வேறு வழியாகச் செலவாகிவிடுகிறது.

கூட்டி வைப்பது எப்போதும் குற்றமா என்று கேட்டால், இல்லை. இதுவரை படுக்கையறையில் மூச்சுப் புகைய உறங்கிய அம்மம்மா இப்போது 19 பாகையில் உறங்குகிறார் என்றால், பில் குறையாமல் போனாலும் அந்தப் பஞ்சு தன் வேலையைச் செய்துவிட்டது. அதை வீண் செலவு என்று எண்ணுபவர் பில்லை மட்டும் பார்க்கிறார். ஆனால் வீடு ஏற்கெனவே போதிய சூட்டில் இருந்தும் 21 ஐ 23 ஆக்குகிறீர்கள் என்றால், நூறு சுருள் வாங்கினாலும் காசு மிஞ்சாது. பஞ்சு போட்ட அன்றே தேர்மோஸ்டற் எண்ணை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். அதைத் தாண்டுவதில்லை என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

நாம் வாங்கியிருக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரிசை வீடுகள். ஹரோவிலும் வெம்பிளியிலும் 1930 களின் இரட்டை வீடுகள். இவை கட்டப்பட்டபோது கூரையில் பஞ்சு போடும் வழக்கமே கிடையாது. பின்னால் வந்த கட்டட விதிகள் அறுபதுகளில் ஏறத்தாழ 25 மி.மீ. கேட்டன, எண்பதுகளின் நடுவில் 100 கேட்டன, 2003 வாக்கில்தான் 270 ஐ எட்டின. அவையும் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கே. பழைய வீட்டில் என்ன கிடக்கிறது என்பது, முன்பு இருந்தவர் எந்தப் பத்தாண்டில் அக்கறைப்பட்டார் என்பதைப் பொறுத்தது. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒன்றில் 25 மி.மீ. தூசிப் படலமும் மற்றதில் 270 மி.மீ. மெத்தையும் இருக்கலாம். பக்கத்து வீட்டாரின் அனுபவத்தைக் கேட்டு உங்கள் வீட்டுக்கு முடிவெடுக்க முடியாது. ஓர் அடிமட்டத்தோடு ஏணியில் ஏறினால் பத்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

ஏறும்போது தடிப்பை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம்தான். 270 மி.மீ. போட்ட சீலிங்கில் இருபதில் ஒரு பங்கு வெறுமையாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் பஞ்சு எட்டவில்லை, வயர் போட வந்தவர் இழுத்துவிட்டுத் திருப்பி வைக்கவில்லை, லொஃப்ட் வாசல் மூடிக்கு மேல் ஒன்றுமே இல்லை. அந்த 5 சதவீத வெறுமை மொத்த யூ மதிப்பை 0.16 இலிருந்து ஏறக்குறைய 0.27 ஆக உயர்த்திவிடுகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கூடுதல் அடுக்கின் பயனில் பாதியை நாலு இடைவெளிகள் தின்றுவிடுகின்றன. அரைச் சதுர மீற்றர் மூடி ஒன்றே இழப்பை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கூட்டப் போதும். அந்த மூடியின் முதுகில் ஒரு துண்டுப் பஞ்சைக் கட்டி, ஓரத்தில் காற்றுத் தடுக்கும் நாடா ஒட்ட ஆகும் செலவு மிகச் சிறிது. விற்க வருகிறவர் இதைப் பற்றிப் பேசமாட்டார். இதில் அவருக்கு வியாபாரம் இல்லை.

நம்முடைய லொஃப்ட்டுகளுக்கு இன்னொரு வியாதி உண்டு. ஊருக்குப் போய்வந்த பெரிய பெட்டிகள், விசேஷங்களுக்கு மட்டும் இறக்கும் அண்டாக்கள், கொலுப் பொம்மைகள், பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகங்கள். இவற்றை வைக்க மரச்சட்டங்களின் மேல் பலகை அடித்துவிடுகிறோம். அந்தச் சட்டங்களின் உயரமே பொதுவாக 75 முதல் 100 மி.மீ. வரைதான். பலகைக்குக் கீழே அதற்கு மேல் பஞ்சு போட இடமில்லை. அமுக்கித் திணித்தால் அதன் பலன் குறைந்துவிடும். பஞ்சு சூட்டைத் தடுப்பது தனக்குள் பிடித்துவைத்திருக்கும் காற்றால். பொருள் வைக்கத்தான் வேண்டும் என்றால் சட்டத்தின் மேல் உயரக் கால்களைப் பொருத்தி, அதற்கு மேல் பலகை அடியுங்கள். அல்லது லொஃப்ட்டில் ஒரு பகுதியை மட்டும் பொருளுக்கு ஒதுக்குங்கள். பத்து வருடமாகத் திறக்காத பெட்டிக்காகப் பாதிச் சீலிங்கைக் குளிரில் விடுவது சரியான பேரமாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து உங்களில் பலர் சொல்லும் பயம்: பஞ்சைக் கூட்டினால் லொஃப்ட்டில் ஈரம் கட்டும், மரம் உக்கும். இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பஞ்சு தடிக்கத் தடிக்க லொஃப்ட் இன்னும் குளிரும். வீட்டிலிருந்து கசிந்து ஏறும் ஈரக்காற்று குளிர்ந்த கைமரத்திலும் கூரை விரிப்பிலும் பட்டு நீராகும். நமது சமையலோ நாள் முழுதும் ஆவி எழுப்பும் சமையல். சோறு வடிக்கிறோம், பருப்பு வேக வைக்கிறோம், எண்ணெய்ச் சட்டி அடுப்பில் நிற்கிறது. மழைநாளில் உடுப்பும் வீட்டுக்குள் காய்கிறது. ஆனால் இதற்கு மருந்து பஞ்சைக் குறைப்பது அல்ல. ஆவி மேலே ஏறும் ஓட்டைகளை அடைப்பதும், ஏறியது வெளியேற வழி விடுவதும்தான். குழாய் போகும் துளைகளையும் மூடியின் ஓரத்தையும் முதலில் அடையுங்கள். குசினி விசிறியும் குளியலறை விசிறியும் காற்றை வீட்டுக்கு வெளியே தள்ளுகின்றனவா என்று பாருங்கள்; சில வீடுகளில் அந்தக் குழாய் லொஃப்ட்டுக்குள்ளேயே முடிந்து நிற்கிறது. கூரைச் சரிவு சுவரைத் தொடும் ஓரத்தில் பஞ்சைத் திணித்துக் காற்று வழியை அடைத்துவிடாதீர்கள். அங்கே ஏறத்தாழ 50 மி.மீ. இடைவெளி வேண்டும். மறுபக்கம், சூடான சீலிங்கில் பூஞ்சணம் பிடிப்பது குறைவு. படுக்கையறை மேல் மூலைகளில் கறுப்புப் படர்கிறதென்றால் அந்த மூலைக்கு மேலே பஞ்சு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சில சிறு எச்சரிக்கைகளும் உண்டு. மின்சார ஷவருக்குப் போகும் தடித்த வயரைப் பஞ்சுக்குள் புதைத்தால் அது சூடேறும். மேலே எடுத்து விடுங்கள். சீலிங்கில் பதித்த ஸ்பொட் லைட்டுகளுக்கு அதற்குரிய மூடி போடாமல் பஞ்சை மேலே இழுக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதைச் சுற்றிப் போர்த்துங்கள், அடியில் போடாதீர்கள். லொஃப்ட் குளிரும்போது குழாய்கள் உறையக்கூடும், அவற்றுக்கும் உறை வேண்டும். வௌவால் குடியிருந்தால் கை வைக்க முன்னர் ஆலோசனை கேளுங்கள். 1981 ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. இன்னும் ஓரிரு வருடத்தில் லொஃப்ட்டை அறையாக்கப் போகிறீர்கள் என்றால் இப்போது தரையில் பஞ்சு விரிக்க வேண்டாம். அப்போது இன்சுலேஷன் கைமரங்களுக்கிடையே சரிவில் போக வேண்டியிருக்கும். ஆனால் "என்றாவது செய்வோம்" என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்த விதிவிலக்குக்குள் ஒளிந்துகொள்ளக் கூடாது.

ஒரு விடயத்தில் மட்டும் உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன். கதவைத் தட்டியோ தொலைபேசியிலோ வந்து கூரையின் உட்புறம் நுரை அடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் கையெழுத்து வைக்காதீர்கள். அந்த நுரை கைமரங்களை மூடிவிடுவதால் மரம் உக்குகிறதா என்று யாராலும் பார்க்க முடியாது. அதனால் பல கடன் நிறுவனங்கள் அப்படிப்பட்ட வீட்டுக்கு மோட்கேஜ் தர மறுக்கின்றன. விற்கும் நாளில் ஆயிரக்கணக்கில் செலவழித்து அதைச் சுரண்டி எடுக்க வேண்டிவரும். அரசுத் திட்டத்தில் செய்த வேலையே பிழைத்துப்போனதே என்று நீங்கள் கேட்பதும் காதில் விழுகிறது. 2025 ஒக்டோபரில் தேசியக் கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கை அதிர்ச்சி தந்தது உண்மை. அரசுத் திட்டங்களில் வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் திருத்த வேண்டிய குறைகள் இருந்தன. அது சுவர் வேலை. சுவர் வேலையில் தவறு உள்ளே மறைந்துவிடும். வருடங்கள் கழிந்து ஈரமாகத்தான் வெளியே வரும். லொஃப்ட்டில் விரித்த சுருள் கண்முன்னே கிடக்கிறது. தவறாகப் போட்டிருந்தால் கையால் எடுத்துத் திருப்பிப் போடலாம். வீட்டை இதமாக்கும் வேலைகளில் இவ்வளவு மலிவும் இவ்வளவு எளிதில் திருத்தக்கூடியதும் சிலவே. ஆள் வைத்துச் செய்தால் 2027 மார்ச் 31 வரை வற் வரியும் இல்லை. நீங்களே சுருள் வாங்கிப் போட்டால் அந்தச் சலுகை கிடையாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களிடம் பேச வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு மூன்றாம் அடுக்குப் பஞ்சு போடலாமா என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் லொஃப்ட்டை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள்? அங்கே காஸ் பில் கட்டுகிறவர் வேறொருவர். பஞ்சு போட்டால் செலவு உங்களுக்கு, மிச்சம் அவருக்கு. அதனால் அந்த வேலை வருடா வருடம் தள்ளிப்போகிறது. அந்த வீட்டில் இருப்பவர்கள் பல வேளை நம்மவர்களே. படிக்க வந்து நான்கு பேராக ஓர் அறையைப் பங்கிடும் மாணவர்கள், பராமரிப்பு இல்லங்களில் இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் உறங்கும் பெண்கள், கைக்குழந்தையோடு வந்திறங்கிய இளம் குடும்பங்கள். முன்பணம் போட்டு ஓடும் மீற்றரில் பத்துப் பவுண் முடிந்ததும் ஹீற்றிங்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்கிறார்கள். சட்டப்படி வாடகை வீட்டுக்கு ஈ.பி.சி. தரம் குறைந்தது ஈ இருந்தால் போதும் என்று நீங்கள் சொல்லலாம். அந்த வரம்பு மிகத் தாழ்வானது. மெலிந்த பஞ்சோடுகூட ஒரு வீடு ஈ வாங்கிவிடும். குடியிருப்பவரின் முறையீட்டைப் பொருட்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது. 2020 டிசம்பரில் ரொச்டேலில் பூஞ்சணம் படர்ந்த ஒரு வாடகைக் குடியிருப்பில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அந்தப் பூஞ்சணமே காரணம் என்று 2022 இல் மரண விசாரணை சொன்னது. அங்கே நடந்தது லொஃப்ட் பற்றிய பிழை அல்ல, சமூக வீடமைப்பு நிறுவனம் ஒன்றின் பொறுப்பு. ஆனால் பெற்றோர் திரும்பத் திரும்ப முறையிட்டும் வீட்டுக்காரத் தரப்பு காதில் போடவில்லை என்ற பகுதி நம் எல்லோருக்கும் பொருந்தும்.

கணக்கையும் இங்கே திரும்பிப் பாருங்கள். அதே 300 பவுண் உங்கள் 270 மி.மீ. லொஃப்ட்டுக்கு மேல் போனால் ஆண்டுக்கு எட்டுப் பவுண் காஸ் மிச்சம். 25 மி.மீ. கிடக்கும் வாடகை வீட்டில் விரித்தால் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். அந்த மிச்சம் உங்கள் கைக்கு வராது என்பது மெய்தான். வீடு உங்களுடையது, சீலிங்கில் பூஞ்சணம் பிடிக்காமல் இருப்பதும், குடியிருப்பவர் வருடத்துக்கு வருடம் மாறாமல் இருப்பதும் உங்களுக்கு வரும் பயன். அது போதாது என்றால், அந்த வீட்டில் இந்தக் குளிர்காலத்தைக் கழிக்கப் போகும் குழந்தைக்காகச் செய்யுங்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். கடிகாரத்தை ஒரு மணி பின்னே வைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஒவ்வொரு வீட்டின் லொஃப்ட்டிலும் ஒருமுறை ஏறி அளந்துவிடுங்கள். வாடகை வீடென்றால் குடியிருப்பவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். 100 மி.மீ. க்குக் குறைவாக இருக்கும் வீட்டுக்கு முதலில் செலவழியுங்கள், அது யார் குடியிருக்கும் வீடானாலும். 100 க்கும் 200 க்கும் இடையில் இருந்தால் மூடியையும் இடைவெளிகளையும் முதலில் சரிசெய்து, கையில் காசு இருக்கும்போது 270 ஆக்குங்கள். அதற்கு மேல் இருந்து, இடைவெளிகளும் இல்லையென்றால் இறங்கி வாருங்கள். உங்களுக்கு வேலை இல்லை. ஏணி ஏற முடியாத முதியவர்களின் வீடுகள் மிஞ்சும். கோயில் நிர்வாகத்தினரும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பெற்றோரும், பழைய மாணவர் சங்கத்தாரும் தங்கள் உறுப்பினர் பட்டியலை எடுத்து, தனித்து வாழும் முதியவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இளைஞரைப் பொறுப்பாக்கி, ஒரு வார இறுதியில் அடிமட்டத்தோடு அனுப்புங்கள். அளந்த எண்ணை எழுதி வாங்குங்கள். எந்த வீட்டுக்குச் சுருள் வாங்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியலை வைத்து முடிவெடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்